யானைக்கு வயிற்றுவலி, பாகனுக்குச் சிறை

சேதுமாதவ ராஜாவுக்கு ஒருநாள் ரசம் இனித்தது. சமையல்காரன் கஞ்சா மயக்கத்தில் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரையைக் கொட்டியிருந்தான். ராஜாவுக்கு வந்ததே கோபம்!

தளவாய் வேங்கடப்பன் அதற்கென்றே காத்திருந்தவன் மாதிரி ஒரு சட்டம் கொண்டுவந்தான். யாரிடம் கஞ்சா இருந்தாலும் பத்து வருஷம் சிறை. யார், ஏன், எவ்வளவு என்று நீதிபதி கேட்கக் கூடாது. ஒருநாள்கூடக் குறைக்கக் கூடாது.

முதலில் மாட்டியது யார்? பட்டத்து யானையின் பாகன் உமையன். பீடிகூடப் பிடிக்காத மனுஷன். யானைக்கு வயிற்றுவலி என்று வைத்தியர் கொடுத்த கஞ்சா இலையை வெல்லத்தில் உருட்டிக் கொடுத்திருக்கிறான். மிச்சம் மடியில் இருந்தது.

"சாமி, என் கையால் கொடுத்தால்தான் அது சோறு தின்னும். நான் போனால் பட்டினி கிடந்தே செத்துப்போகுமே!" என்று ராஜசபையில் நின்று அழுதான்.

நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கையைத்தான் கட்டிப்போட்டுவிட்டார்களே அப்பா. பத்து வருஷம்."

காவலர் உமையனைப் பிடித்தார்கள். விகடகவி குழந்தையப்பன் எழுந்தான்.

"கொஞ்சம் பொறுங்கள். இன்னொருவரையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். இரண்டு நடை எதற்கு?"

"யாரடா அது?" என்றார் ராஜா.

"காலையில் யானை தும்பிக்கையைத் தலையில் வைத்து ஆசீர்வாதம் செய்ததே, மகாராஜா. மருந்தை எடுத்துத் தின்ற தும்பிக்கையைத் துடைத்துவிட்டா வந்தது? தலைப்பாகையைத் தொட்டுப் பாருங்கள்."

ராஜா தொட்டார். பிசுபிசுவென்று வெல்லம். அதில் பச்சையாக ஓர் இலை!

"அடேய், இது எனக்குத் தெரியவே தெரியாதே!"

"தெரியுமா என்று சட்டம் கேட்கவில்லையே."

"இத்துனூண்டு இலை!"

"எவ்வளவு என்றும் கேட்கவில்லை."

"நான் ராஜா!"

"யார் என்றும் கேட்கவில்லை. இல்லையா தளவாயாரே?"

தளவாய் தன் தலைப்பாகையை மெல்லக் கழற்றி முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். ராஜாவுக்கு அடுத்து ஆசீர்வாதம் வாங்கியவன் அவன்தான்.

ராஜா நீதிபதி பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏனய்யா, கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா?"

"கையை அவிழ்த்துவிட்டால் பார்க்கலாம், மகாராஜா. ஆனால் உமையனுக்கும் சேர்த்துத்தான் பார்ப்பேன்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "அவிழ்த்தாச்சு! இனி ஆளையும் காரணத்தையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். உமையா, ஓடு. யானைக்குச் சோறு போடு!"

அந்தச் சந்தோஷத்தில் தம் பட்டுத் தலைப்பாகையையே கழற்றி நீட்டினார். "குழந்தையப்பா, இந்தா பரிசு!"

குழந்தையப்பன் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"முதலில் இலையை எடுத்துவிடுங்கள், மகாராஜா. அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்!"