மூன்றில் இரண்டு போதும்

சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு முப்பத்தெட்டு. இதில் குருவுக்கு ஒரு சங்கடமும் இல்லை, சீடருக்கும் பழகிவிட்டது.

சீடர் அருணகிரி, கோயம்புத்தூரில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் பொறியாளர். பாதி ஆயுளை மோட்டாரோடும் ரிலேயோடும் கழித்துவிட்டு, டிஜிட்டல் சர்க்யூட் கற்றுக்கொள்ளப் பேராசிரியை ஜெயசீலியிடம் வந்து சேர்ந்தவர். ஜெயசீலி அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் அவரிடமிருந்து பதில் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அந்தச் சனிக்கிழமை அருணகிரி மைசூர்பாகுப் பெட்டியோடு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“பாஸ் ஆயிருச்சுங்க மேடம். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகுது.”

போவது, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர். அதில் மூன்று சென்சார்கள். சூடு வேண்டுமா வேண்டாமா என்று மூன்றும் தனித்தனியே சொல்லும். ஒன்று பழுதாகி உளறினாலும், மற்ற இரண்டும் சொல்வதை எடுத்துக்கொண்டு ஹீட்டருக்கு உத்தரவு போடுவது அருணகிரியின் சர்க்யூட். அவர் தனியாக வடிவமைத்த முதல் சர்க்யூட் அது. கம்பெனியில் அதைவிட வேகமானது கிடையாது.

“யார் பாஸ் பண்ணினாங்க?” என்றார் ஜெயசீலி.

“கமிட்டியில மூணு பேருங்க. ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ரெண்டு போதும்னு ரூல்.”

“மூணாவது யாரு?”

“டெஸ்டிங் ரஹ்மத்துல்லாங்க. அவரு எதுக்குத்தான் சரின்னு சொல்லியிருக்காரு? சுடச்சுட டீ குடுத்தாலும் ஆறிப்போச்சும்பாரு.”

“இதுக்கு என்ன சொன்னார்?”

“என்னமோ சொல்ல ஆரம்பிச்சாருங்க. அதுக்குள்ள ரெண்டு கையெழுத்து விழுந்துருச்சு. சேர்மன் மீட்டிங்கை முடிச்சுட்டாரு. நானும் எந்திரிச்சு வந்துட்டேன்.”

ஜெயசீலி மைசூர்பாகில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தார்.

மேஜை ஓரத்தில் அந்த சர்க்யூட்டின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் அருணகிரியே கொண்டுவந்து வைத்தது. ஒரு சொம்புத் தண்ணீரில் மூன்று சென்சார்கள். ஹீட்டருக்குப் பதில் ஒரு சிவப்பு விளக்கு. தண்ணீர் குளிர்ந்திருந்தால் விளக்கு எரிய வேண்டும். எரிந்துகொண்டுதான் இருந்தது.

“எப்படி ஓடுது சார்?”

“பாத்தாலே தெரியுதுங்களே. சும்மா அருமையா ஓடுது.”

ஜெயசீலி சர்க்யூட் பலகையைத் தூக்கிக் காட்டினார். ஒரு சென்சாரிலிருந்து வந்த ஒயர் எதிலும் சேராமல் அடியில் தொங்கியது.

“எப்பங்க புடுங்குனீங்க?”

“நீங்க வெச்சுட்டுப் போன அன்னிக்கே.”

அருணகிரிக்குப் பெருமை பிடிபடவில்லை. “பாத்தீங்களா! ஒண்ணு போயும் ஒண்ணும் ஆகலீங்க. அதுக்குத்தானுங்க இந்த சர்க்யூட்டே!”

“ஆமா. இப்ப இன்னொண்ணை எடுங்க.”

எடுத்தார். சிவப்பு விளக்கு அணைந்தது.

சொம்பைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் சில்லென்றுதான் இருந்தது. மிச்சமிருந்த ஒரே சென்சார் சூடு வேண்டும் என்று சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் ஒயர் பிடுங்கிய இரண்டிலிருந்தும் ஒன்றும் வராததை ‘வேண்டாம்’ என்று கணக்கில் எடுத்துக்கொண்டது சர்க்யூட்.

“செத்தது ரெண்டும் சேந்து, உசுரோட இருக்கறதைத் தோக்கடிச்சிருச்சுங்க” என்றார் அருணகிரி.

“ரூல்படி சரிதானே?” என்றார் ஜெயசீலி.

அருணகிரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இன்குபேட்டருக்குள் கண் திறக்காமல் படுத்திருக்கும் ஒரு குழந்தை அவர் நினைவில் வந்தது. அவருக்குப் பயமாக இருந்தது.

“மொதல் ஒண்ணு போனப்பவே தெரிஞ்சிருக்கணுங்க” என்றார். “ஆரம்பத்துல ஒரு மஞ்சள் விளக்கு வெச்சிருந்தேன். மூணும் ஒத்துப்போகலைன்னா அது எரியும். ஆனா அந்தச் சோதனையைத் தாண்டி ஹீட்டருக்கு வர்றதுக்குள்ள உத்தரவு லேட்டாகுதுன்னு எடுத்துட்டேன்.”

“உத்தரவு எதுக்கு அதைத் தாண்டி வரணும்? ரெண்டு சேந்ததும் அது பாட்டுக்குப் போகட்டும். விளக்கு பக்கத்துல தனியா எரியட்டும்.”

இவ்வளவு சுலபமா என்று அருணகிரி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பெனிக்குப் போன் செய்தார்.

“திங்கக்கிழமை வண்டி வேண்டாங்க” என்றார். மறுமுனையில் யாரோ சத்தம் போடுவது ஜெயசீலிக்கும் கேட்டது. “இல்லீங்க. என் பேரையே சொல்லிக்கங்க. நான்தான் வேண்டாங்கறேன்.”

மாதிரியைப் பைக்குள் வைத்தார். கதவுவரை போனவர் அங்கேயே நின்றார்.

“மேடம், ரஹ்மத்துல்லாவும் இதைத்தான் சொல்ல வந்திருப்பாருங்களா?”

“எனக்கு எப்படி சார் தெரியும்? அந்த ரூம்ல இருந்தது நீங்க.”