மூணாவது மாடிச் செம்பருத்தி

பாளையங்கோட்டை வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்கு ஓரமாகப் பத்தடி மண் சும்மா கிடந்தது. செடி வளர்க்கத் தெரிந்த ஒருவருக்கு அதைக் கொடுத்துவிடுவோம் என்று சங்கத்தில் முடிவான நாளிலிருந்து ஆறுமுகநயினாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனுஷர். இப்போது மூன்றாவது மாடியில், வெயில் எட்டிப்பார்க்காத பால்கனியில், பெயிண்ட் வாளியில் ஒரு செம்பருத்தி வைத்திருக்கிறார். நாலு வருஷமாக அது மொட்டு விடும், மஞ்சளாகும், உதிரும். ஒரே ஒரு பூவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவர் ஏங்கிப்போய்க் கிடந்தார். அந்த மண் கிடைத்தால் போதும், பார்த்துவிடலாம்.

மண்ணை வாங்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி பேச்சு. அது அவரிடம் வண்டி வண்டியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செயலாளர் காந்திமதி நோட்டைத் திறந்ததுமே நயினார் தொடங்கிவிட்டார்.

“பென்சில் கனத்துல கம்பு வெட்டி, கீழ் இலையைக் கிள்ளிட்டு, சரிச்சு ஊனுனேன் பாத்துக்கிடுங்க. கை கழுவிட்டு வாறதுக்குள்ள மூணு இலை. துண்டை எடுத்துத் துடைக்கேன், மொட்டு விட்டிருக்கு!”

“வேர் பிடிக்கவே ஒரு மாசம் ஆகுமே அண்ணாச்சி?” என்றார் எஸ்தர் டீச்சர். அதே மண்ணுக்குப் போட்டியாக வந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

“உங்க கம்புக்கு ஆகும் டீச்சர். நான் போட்ட உரம் என்ன? டீத்தூள் சக்கை. ஒரு நாள் போட மறந்துட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு டாண்ணு கிளையை நீட்டி சன்னலைத் தட்டுது!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டுவிட்டால் நயினாருக்குத் தலைகால் புரியாது.

“பூ சைஸைச் சொல்லுதேன், கேளுங்க. தபால்காரர் லெட்டரோட மேல வந்தார். மழைச்சாரல் அடிக்குன்னு பூவுக்குள்ள ஒதுங்குனார். பொழுது சாஞ்சதும் பூ மூடிக்கிட்டு. மனுஷன் உள்ள!”

“செம்பருத்தி மூடுனா திரும்ப விரியாது, உதிர்ந்துல்லா போகும்?” டீச்சர் விடுவதாக இல்லை.

“உதிரத்தான் செஞ்சுது! மூணாவது மாடியிலருந்து பூவோட மெத்துன்னு தரையில இறங்கி, சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டார். நம்ம பிளாக்குக்கு லிஃப்ட் போடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்த ஆளு, அன்னைக்கோட வாயை மூடிட்டார்.”

யாரோ மேசையைத் தட்டினார்கள். நயினார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“அதோட இலையை அரைச்சு என் மச்சினன் வழுக்கைத் தலையில தேச்சு, கோவில்பட்டி பஸ்ஸில ஏத்திவிட்டேன். கயத்தாறு தாண்டலை, முடிக்குத் தனி டிக்கெட் கேட்டுட்டார் கண்டக்டர். மச்சினனை விடுங்க, அரைச்ச அம்மிக்கே முடி முளைச்சுப் போச்சு! மாசம் ஒருக்க சலூனுக்குத் தூக்கிட்டுப் போய் வெட்டிட்டு வாறேன்.”

காந்திமதிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இன்னும் ஒன்றே ஒன்று அவிழ்த்துவிட்டால் மண் நமக்குத்தான் என்று நயினாருக்குத் தோன்றிவிட்டது.

“வேர் இருக்கே வேர்! மூணு மாடி இறங்கி, அஸ்திவாரத்துக்கு அடியில போய், பிளாக்கையே ஒரு முழம் மேல தூக்கிட்டு. சந்தேகம்னா போய் எண்ணிப் பாருங்க, வாசப்படி ஒண்ணு கூடியிருக்கும்!”

சிரிப்பு அடங்கியதும் காந்திமதி டீச்சரைப் பார்த்தார். “உங்க செடி எப்படி டீச்சர்?”

“போன தடவை வச்சதை மாவுப்பூச்சி தின்னுட்டு. அதுக்கு முந்தினதை நானே தண்ணி ஊத்தி ஊத்திச் சாகடிச்சிட்டேன்.”

“அப்போ மண்ணு டீச்சருக்குத்தான்,” என்று காந்திமதி நோட்டில் எழுதிவிட்டார். “பிளாக்கைத் தூக்குன செடியைத் தொட்டிப் பக்கத்துல வைக்க முடியுமா அண்ணாச்சி? நூத்தி இருபது வீட்டுக்குத் தண்ணி போகணும்லா.”

நயினார் எழுந்து நின்றார். கையை ஆட்டவில்லை, குரலை ஏற்றவில்லை.

“தாயி, எஞ்செடி பெயிண்ட் வாளியில கிடக்கு. இன்னை வரைக்கும் ஒத்தப் பூ பூத்ததில்ல.”

கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தது.

“போங்க அண்ணாச்சி,” என்றார் எஸ்தர் டீச்சர். “புளுகுனாலும் கொஞ்சம் நம்புற மாதிரி புளுகணும்.”