திறக்காத கண்

சிற்பி குழந்தைவேல் சாவதற்கு முன் கடைசியாகச் செதுக்கிய அம்மன் சிலைக்குக் கண் மட்டும் பாக்கி. கண் திறந்தால்தான் கல் சாமியாகும். கோயிலில் பந்தல்கூடப் போட்டுவிட்டார்கள். சிற்பியின் மனைவி சௌந்தரவல்லியோ சிலையை அறையில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒருநாள் தன் குருவிடம் போனாள். அவர் அவளைவிட வயதில் சின்னவர்.

"சாமி, அவர் கலையைக் காப்பாத்துறது என் கடமைதானே?"

"ஆமாம்மா. கண்ணை யார் திறக்கணும்?"

"அவரோட சிஷ்யை தேன்மொழியாம். அவர் கை பட்ட கல்லுல இன்னொருத்தி கை படலாமா?"

"அவளுக்கு வேலை தெரியாதோ?"

"தெரியும். கண் திறக்கிற உளியையே அவகிட்டதான் கொடுத்துட்டுப் போனார்."

அதோடு நிறுத்த அவளால் முடியவில்லை.

"நான் சோறு போட்டா தட்டைத்தான் பார்ப்பார். அவளுக்கு உளி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்துப் பேசுவார். வயிறு எரியுது சாமி. போதுமா?"

"நாளைக்கு வீட்டுக்கு வரேன். சிலையைக் காட்டு."

மறுநாள் வந்தார். அவள் அறையைத் திறந்ததும் வாசற்படியிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படி இருக்கா அம்மன்?"

"நீங்களே பாருங்க."

"நீ சொல்லு. போதும்."

சொன்னாள். மூக்குத்தியைச் சொன்னாள், உதட்டோரச் சிரிப்பைச் சொன்னாள். கண்ணுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு இலை போட்டாள். அவர் தடவித் தடவிச் சாப்பிட்டார். வத்தக்குழம்பு பிரமாதம் என்றார். கண் மட்டும் திறக்கவில்லை. பார்த்துப் பார்த்துச் சமைத்தவளுக்கு அழுகை முட்டியது. இவருமா?

"என் வீட்டுக்கு வந்து என் கையால சாப்பிடுறீங்க. ஒரு தடவை என் முகத்தைப் பார்க்கக் கூடாதா? கண்ணைத் திறங்க சாமி."

குரு மோரை ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினார்.

"கண்ணைத் திறந்தா அது உன்னை மட்டும் பார்க்காது. தேன்மொழியையும் பார்க்கும். பரவாயில்லையா, அம்மா?"

சௌந்தரவல்லியின் கை மோர்ச் செம்பை விட்டு முந்தானைச் சாவிக்குப் போனது. அவள் பதில் சொல்லும்வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.