பன்னிரண்டு நடை

ஆனைமலைச் சரிவில் ஒரு பெரிய மரத்தில் இருவாட்சிப் பறவைக் குடும்பம் ஒன்று இருந்தது. ஆணின் பெயர் வளைமூக்கன். பெண்ணின் பெயர் பொன்னலகி.

இருவாட்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் மரப்பொந்துக்குள் போய்விடும். உள்ளே இருந்தபடியே மண்ணையும் எச்சத்தையும் குழைத்துப் பூசி வாசலை அடைத்துவிடும். ஓர் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். அடைந்த பிறகு பெண்ணின் சிறகுகளில் உள்ள பெரிய இறகுகளெல்லாம் உதிர்ந்துவிடும். நினைத்தாலும் பறக்க முடியாது. மாதக்கணக்கில், அந்தக் கீறல் வழியே ஆண் எதைக் கொடுக்கிறதோ அதுதான் சாப்பாடு. தாய்க்கும் அதுதான், பிள்ளைக்கும் அதுதான்.

பொன்னலகியும் அப்படித்தான் அடைந்தாள். முட்டை பொரிந்தது. குஞ்சு கண் திறந்தது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. வளைமூக்கன் காட்டத்திப் பழம் கொண்டு வந்தான். காட்டு ஜாதிக்காய் கொண்டு வந்தான். நடுநடுவே ஓணான், வெட்டுக்கிளி, மரவட்டை. தொண்டைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கீறல் வழியே நீட்டுவான். அவள் வாங்கிக்கொள்வாள்.

பிறகு பக்கத்து மரங்களில் பழம் தீர்ந்தது. அடுத்த மலையைப் பார்த்தால் தேயிலை. அதற்கடுத்த மலையும் தேயிலை. பழம் வேண்டுமென்றால் மூன்று மலை தாண்ட வேண்டும்.

கீழே மலையை அறுத்துக்கொண்டு ஒரு சாலை போனது. அதில் ஒரு வளைவு. அங்கே மனிதர்கள் வண்டியை நிறுத்தி இயற்கை அழகைப் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் தின்ற மிச்சத்தை அந்த அழகின் மேலேயே எறிந்தார்கள். பன், சிப்ஸ், மிளகாய்ப்பொடி தடவிய சோளக்கதிர், எண்ணெய் சொட்டும் பஜ்ஜி.

வளைமூக்கன் ஒருநாள் அங்கே இறங்கிப் பார்த்தான். பத்தே நிமிடத்தில் தொண்டைப் பை நிரம்பிவிட்டது. இறங்கு, பொறுக்கு, ஏறு, கொடு. முன்பெல்லாம் நாளைக்கு நான்கு நடை வந்தவன், இப்போது பன்னிரண்டு நடை வந்தான்.

காடே அவனைப் பார்த்து வாயைப் பிளந்தது.

எதிர்க்கிளையில் குடியிருந்த மலையணில் செவ்வாலன் கீறல் அருகே வந்து சொன்னான். "தங்கச்சி, நீ குடுத்து வச்சவ. இன்னைக்கு மட்டும் உன் வீட்டுக்காரர் பன்னிரண்டு நடை. நான் உக்காந்து எண்ணிட்டிருந்தேன்."

"என்ன கொண்டு வந்தார்னு பார்த்தீங்களா, அண்ணே?" என்றாள் பொன்னலகி உள்ளிருந்து.

"அது எதுக்கு எனக்கு? எவ்வளவு ஓடுறார்னு பாக்குறேன்."

"கொஞ்சம் கீழ இறங்கி, எங்க மரத்தடியில என்ன கிடக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

மலையணில்கள் தரைக்கு இறங்கும் சாதி இல்லை. செவ்வாலன் சலித்துக்கொண்டே பாதி மரம் வரை இறங்கி எட்டிப் பார்த்தான்.

இருவாட்சி குடியிருக்கும் மரத்தடி ஒருபோதும் பொய் சொல்லாது. தின்ற பழத்தின் கொட்டையெல்லாம் அங்கேதான் விழும். மழை பெய்தால் அங்கேயே முளைக்கும். தளிரைப் பார்த்தாலே அந்த வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

"பன் சுத்தின காகிதம் கிடக்கு," என்றான் செவ்வாலன். "சோளக்கட்டை கிடக்கு. பளபளன்னு ஏதோ பை."

"புதுசா ஒரு விதை? ஒரே ஒரு கொட்டை?"

"அப்படி ஒண்ணும் தெரியல."

"இப்ப புரியுதா?"

செவ்வாலன் வாலை ஒருமுறை உதறினான். "இருந்தாலும் தங்கச்சி, பன்னிரண்டு நடை பன்னிரண்டு நடைதானே," என்று சொல்லிவிட்டுத் தன் கிளைக்குப் போய்விட்டான்.

பொன்னலகி குஞ்சின் பக்கம் திரும்பினாள். வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது ஒருவன் வருவதும் போவதும்தான். உள்ளே நடப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். குஞ்சு குண்டாகிக்கொண்டே போனது. ஆனால் கால் ஊன்றவில்லை. இந்த வயதில் எழுந்து நின்று கீறல் வழியே அலகு நீட்ட வேண்டிய பிள்ளை, நெஞ்சைத் தரையில் தேய்த்துக்கொண்டு கிடந்தது. இரண்டு காலும் இரண்டு பக்கம் வழுக்கிக்கொண்டு போயின. மழைக்காலம் பிறந்தால் பொந்துக்குள் தண்ணீர் இறங்கும். அதற்குள் குஞ்சு பறந்தாக வேண்டும். நிற்க முடியாதது எங்கே பறக்கும்?

மாலையில் வளைமூக்கன் வந்தபோது அவள் கேட்டுவிட்டாள்.

"என்னங்க, பன் போதும். பிள்ளைக்குக் கால் நிக்கல. ஓணான் வேணும், பூச்சி வேணும், காட்டுப் பழம் வேணும்."

"அதெல்லாம் எங்க இருக்கு தெரியுமா? மூணு மலை தாண்டணும். ஒரு நாளைக்கு மூணு நடைதான் வர முடியும்."

"மூணு போதுமே."

"மூணு நடை வந்தா ஊர் என்ன சொல்லும்? பெண்டாட்டி பிள்ளைய அடைச்சுப் போட்டுட்டு ஊர் சுத்துறான்னு சொல்லும். நீ உள்ள உக்காந்திருக்க. உனக்கென்ன தெரியும்?"

உனக்கென்ன தெரியும்! கால் வழுக்கி விழும் பிள்ளையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது?

இருந்தாலும் மறுநாள் வளைமூக்கன் ஓர் ஓணானைக் கொண்டு வந்தான். அன்றைக்கு அவன் செய்த பெரிய உபகாரம் அது. குஞ்சு அதை வாங்கி மென்று பார்த்தது. தூ என்று துப்பியது.

"கசக்குது. எனக்குப் பன் குடு."

"பாத்தியா," என்றான் வளைமூக்கன். "அவனே வேண்டாங்குறான். நான் என்ன செய்ய?" நிம்மதியாக ஒரு பன் துண்டை நீட்டினான். குஞ்சு சிறகடித்து வாங்கித் தின்றது.

செய்தி மெல்லப் பரவியது. பிள்ளை இன்னும் நிற்கவில்லையாம், கால் சரியில்லையாம் என்று கேள்விப்பட்டு வளைமூக்கனின் தங்கை கருங்கழுத்தி பறந்து வந்தாள். கிளையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கீறலுக்கு வந்தாள்.

"என்ன அண்ணி இது? பிள்ளைக்கு என்னதான் குடுக்குறீங்க?"

"வர்றதைக் குடுக்குறேன்."

"அப்படியா வளர்க்கிறது? காலையில ரெண்டு வெட்டுக்கிளி. மதியம் அத்திப்பழம். சாயங்காலம் ஒரு ஓணான். இதுல என்ன கஷ்டம்? நீங்க கொஞ்சம் மனசு வச்சாப் போதும்."

"மனசு நிறைய இருக்கு, கருங்கழுத்தி. சிறகுதான் இல்ல. இந்தச் சுவத்துக்குள்ள வெட்டுக்கிளி முளைக்குமா?"

"எதுக்கெடுத்தாலும் இப்படி ஒரு பேச்சு."

"உங்க அண்ணன் அதோ அந்தக் கிளையிலதான் இருக்கார். வெட்டுக்கிளி கணக்கை அவர்கிட்ட சொல்லேன்."

கருங்கழுத்தி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக் களைப்பாறிக்கொண்டிருந்தான்.

"பாவம், அவன்கிட்டப் போய் எப்படிச் சொல்றது?" என்றாள். "அவனே ஓடி ஓடி ஓய்ஞ்சு போயிருக்கான். சாப்பாடு விஷயமெல்லாம் தாய்தானே பாக்கணும்."

பிறகு செவ்வாலனும் வந்தான். போகிற வழியில் ஒரு மைனாவும் நின்றது. ஒருவர் நத்தை என்றார். ஒருவர் கரையான் என்றார். பழத்தைப் பிசைந்து ஊட்டச் சொன்னார் ஒருவர். கதை சொல்லி ஊட்டினால் பிள்ளை எதையும் தின்னும் என்றார் இன்னொருவர். எல்லாப் புத்தியும் அந்தக் கீறல் வழியே உள்ளே போனது. ஒரே ஒரு வெட்டுக்கிளி போகவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் மேற்கே இடி முழங்கியது. சத்தத்துக்குப் பயந்து குஞ்சு எழப் பார்த்தது. முடியவில்லை. கால் இரண்டும் விரிந்து, முகம் குப்புற விழுந்தது. அலகு மரத்தில் மோதியது. அழக்கூட இல்லை, அப்படியே கிடந்தது.

பொன்னலகி அதைத் தூக்கிச் சரியாக உட்கார வைத்தாள். பிறகு சுவரின் பக்கம் திரும்பினாள்.

தானே பூசிய சுவர். கல் மாதிரி இறுகியிருந்தது. கொத்தினாள். சில்லு பறந்தது. மறுபடி கொத்தினாள்.

சத்தம் கேட்டு, பக்கத்து மரத்தில் தங்கியிருந்த கருங்கழுத்தி பறந்து வந்தாள். "அண்ணி, என்ன காரியம் பண்றீங்க? இவ்வளவு சீக்கிரமா வெளிய வர்ற பழக்கம் நம்ம வம்சத்துல உண்டா?"

"பிள்ளையை நிக்க விடாம வளர்க்குற பழக்கம் நம்ம வம்சத்துல உண்டா?" என்றாள் பொன்னலகி. கொத்துவதை நிறுத்தவில்லை.

"சிறகு முளைக்கலியே. விழுந்துடுவீங்க."

"விழுந்தா நடப்பேன்."

பாதி நாள் ஆனது. சுவர் உடைந்தது. பொன்னலகி வெளியே வந்தாள். உடம்பெல்லாம் தூசி. இறகுகள் பாதிதான் வளர்ந்திருந்தன. கண் கூசியது. கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் வளைமூக்கன் அன்றைய ஏழாவது நடையோடு வந்து இறங்கினான். தொண்டை புடைத்திருந்தது. உடைந்த சுவரைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"உள்ள பாருங்க," என்றாள்.

"ஊரே பாத்துட்டிருக்கு..."

"ஊர் பாத்தது போதும். நீங்க உள்ள பாருங்க."

அவன் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தான்.

அன்றுவரை அவன் தன் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. கீறல் வழியே திறந்து மூடும் ஒரு வாயைத்தான் பார்த்திருந்தான். அந்த வாய்க்குப் பின்னால் ஓர் உடம்பு இருந்தது. ஊதிய வயிறு. கயிறு மாதிரித் துவண்ட கால்கள். அப்பாவைக் கண்ட சந்தோஷத்தில் பிள்ளை அவனிடம் வரப் பார்த்தது. எழ முடியாமல் நெஞ்சால் உந்தி உந்தி நகர்ந்தது. அரை முழம் வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது.

"ஏன் இப்படி வருது?" என்றான் வளைமூக்கன்.

"ஒரு மாசமா நான் சொல்லிட்டிருக்குறது அதைத்தான்," என்றாள் பொன்னலகி. "நீங்க இங்கேயே இருங்க. வாசல் திறந்து கிடக்கு, மரநாய் வரும். நான் இரை தேடிட்டு வர்றேன்."

அவள் பறக்கவில்லை. கிளை கிளையாகத் தத்தித் தத்திப் போனாள். பட்டையை உரித்தாள். இலையைப் புரட்டினாள்.

வளைமூக்கன் வாசலில் காவல் இருந்தான். குஞ்சு வாயைத் திறந்து பன் கேட்டது. அவன் தொண்டை நிறையப் பன் இருந்தது. கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கீழே போட்டான். குஞ்சு கத்தியது. அவன் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெகுநேரம் கழித்துப் பொன்னலகி வந்தாள். கொண்டு வந்தது மூன்று வெட்டுக்கிளி, ஒரு புழு. அவ்வளவுதான். குஞ்சு முதல் வெட்டுக்கிளியைத் துப்பியது. பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள். மறுபடி துப்பியது. இரண்டாவதையும் துப்பியது. வேறு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் மூன்றாவதை முகம் சுளித்துக்கொண்டு விழுங்கியது.

மறுநாள் விடிந்ததும் வளைமூக்கன் கிளம்பினான். சாலைப் பக்கம் திரும்பவில்லை. மூன்று மலை தாண்டிப் போனான். உச்சி வெயிலில் முதல் நடை வந்தான். பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு. அத்திப்பழமும் ஓணானும் இருந்தன. கொடுத்து முடித்ததும் கிளையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

செவ்வாலன் எண்ணிக்கொண்டுதான் இருந்தான். "என்னப்பா, பன்னிரண்டு மூணாப் போச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"மூணுதான்," என்றான் வளைமூக்கன். "நாளைக்கும் மூணுதான். எண்ணி வச்சுக்கங்க."

கருங்கழுத்தி இன்னொரு யோசனை சொல்ல வாயெடுத்தாள். பொன்னலகி திரும்பிப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில நீ ஒரு நாலு வெட்டுக்கிளி கொண்டு வா. யோசனையை அதோட சேர்த்துக் குடு."

மறுநாள் கருங்கழுத்தி வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள். அவள் வாயில் இரண்டு வெட்டுக்கிளி இருந்தன. வாய் நிறைந்திருந்ததால் பேசவில்லை.

சில வாரங்களில் குஞ்சு மெல்லக் கால் ஊன்றி நிற்கத் தொடங்கியது. மழை வழக்கமான நாளுக்கு முன்பே வந்துவிட்டது. பொந்தில் ஈரம் இறங்கியது. முதல் நாள் குஞ்சு வாசல் வரை நடந்து வந்து நின்றது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது. மூன்றாம் நாள், கொட்டுகிற மழையில், அது வாசல் விளிம்பில் நின்று தாயைப் பார்த்தது, தகப்பனைப் பார்த்தது. பிறகு குதித்தது. விழுவது போலப் போய், பக்கத்து மரக்கிளையை எட்டிப் பிடித்துக்கொண்டது.

பிழைத்தது. ஆனால் அதன் இடது கால் கடைசி வரை கொஞ்சம் வளைந்தேதான் இருந்தது.

வீட்டுச் சாப்பாட்டைத் திருத்த நினைப்பவர்கள், உள்ளே அடைந்து கிடப்பவளுக்குப் புத்தி சொல்வதை விட்டுவிட்டு, வெளியே போய் வருகிற அலகு எத்தனை தரம் வருகிறது என்று எண்ணாமல் எதைக் கொண்டு வருகிறது என்று பார்க்க வேண்டும்.