யாளியின் ஆகாரம்

சிங்க உடம்பும் யானைத் துதிக்கையுமாக ஒரு யாளி, அரண்மனைக் கொட்டடியில் கட்டிக் கிடந்தது. யாளி காற்றை மட்டுமே உண்ணும் என்று புதிய ஆஸ்தான வித்வான் திருமலையப்பர் முந்நூறு ஏட்டில் எழுதி நிரூபித்துவிட்டார். அன்றோடு அதற்குத் தினமும் போட்ட பத்து ஆடும் நின்றது.

யாளியைப் பற்றி எழுதியவர், தனியாக உள்ளே போய் அதன் எதிரிலேயே நூலை வாசிப்பது அந்த நாட்டு வழக்கம். நாலாம் நாள் உச்சிவேளையில் வித்வான் ஏட்டோடு வந்தார். உள்ளே சங்கிலிச் சத்தம்கூட இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

சாணி அள்ளும் குருவாயி கம்பிக் கதவை மறித்தாள். “உள்ள போகாதீங்க சாமி. அது கறி தின்னும்.”

“அது தின்றதைப் பார்த்த ஒரு பண்டிதனைக் காட்டு. இல்லையென்றால் உன் நாக்கை அறுக்கச் சொல்வேன்.”

“மூணு பேரு பார்த்திருக்காங்க சாமி. அவங்களும் காத்துன்னுதான் எழுதினாங்க.”

குருவாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கழுவித் துடைத்த மூன்று சோடி சிவப்புக்கல் கடுக்கன்கள். ஆஸ்தான வித்வானுக்கு அரசர் தம் கையால் போட்டுவிடுகிற கடுக்கன்கள். நூலை வாசித்த கையோடு காசிக்குப் போய்விட்டதாக ஊர் நம்பியவர்களுடையவை.

வித்வானின் கை தானாகக் காதுக்குப் போனது. கம்பி இடுக்கில் ஒரு துதிக்கை மெல்ல நீண்டு, அந்தக் காதை மோந்து பார்த்தது.

“போறதா இருந்தா அதை இப்பவே கழட்டிக் குடுத்துடுங்க சாமி” என்றாள் குருவாயி. “சாணியில தேடிக் கழுவுற வேலை எனக்கு மிச்சம்.”