ஆமென் வரும்வரை கண் திறக்காத சபை

தாமரைக் குளத்தங்கரையில் ஒரு காடு. அந்தக் காட்டு மிருகங்களுக்கு ஒரு சபை இருந்தது. சபைக்கு மூப்பர் ஒரு நாரை. பெயர் மாசிலாமணி.

அடேயப்பா, என்ன குரல் அவருக்கு! அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் காற்றுகூட நின்று கேட்கும். அதனால் காட்டில் யாரும் சொந்தமாக ஜெபிப்பதையே விட்டுவிட்டார்கள். முயல் வளை தோண்டணுமா? மூப்பரய்யா வரணும். மயில் முட்டையிடணுமா? மூப்பரய்யா வரணும். ஆமைக்குத் தும்மல் வந்தாலும் மூப்பரய்யாதான்!

"கண்ணை மூடுங்க! தலையைக் குனிங்க! நான் ஆமென் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கண்ணைத் திறக்கக் கூடாது!" என்பார் நாரை. ஒருவரும் திறக்க மாட்டார்கள்.

ஓய்வில்லாமல் அலைந்ததில் நாரைக்குக் கால் கடுத்தது. ஆனால் மனசுக்குள் ஒரே குளிர்ச்சி. 'நான் இல்லேன்னா இவங்க பாடு திண்டாட்டம்தான்!' என்று நினைக்க நினைக்க அவர் கழுத்து இன்னும் கொஞ்சம் நீண்டது.

இதையெல்லாம் புதருக்குள் இருந்து ஒரு நரி பார்த்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் அது பவ்யமாக வந்து நின்றது.

"ஐயா, ஸ்தோத்திரம்! மலையடிக் காட்டுல பெரிய கன்வென்ஷன். பந்தல் எல்லாம் போட்டாச்சு. நீங்க வந்து பேசினாத்தான் கூட்டம் நடக்குமாம்!"

"நானா? எனக்கென்ன பெரிசா தெரியும்!" என்றார் நாரை. சொல்லும்போதே இறகைக் கோதிச் சரிசெய்துகொண்டார்.

"உங்க பேரைச் சொன்னதுமே அங்க அத்தனை பேரும் எழுந்து நின்னாங்க ஐயா!"

இதற்குமேல் என்ன வேண்டும்? நாரை புறப்பட்டுவிட்டார். "ஐயா, என் குட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று முயல் கிருபாவதி ஓடி வந்தாள். "சாயங்காலம் வந்து பார்க்கிறேம்மா!" என்று சொல்லிவிட்டு மேலே எழும்பினார். வழியெல்லாம் பிரசங்கத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே பறந்தார்.

மலையடிக் காட்டில் பந்தலும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரே ஒரு குரங்கு மரத்தில் சாய்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

"கன்வென்ஷனா? இங்கயா? யார் சொன்னா உமக்கு?"

"ஒரு நரி சொல்லுச்சு."

"ஐயய்யோ! ஒரு காது கிழிஞ்ச நரியா? எங்க குட்டிகளைத் தின்னுட்டுத் திரிஞ்ச பயலாச்சே! நாங்க எல்லாம் சேர்ந்து அடிச்சு விரட்டினோம். உம்மை எதுக்கு இவ்வளவு தூரம் அனுப்பினான்னு யோசிச்சீரா?"

நாரை அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வந்த வழியே இறக்கை வலிக்க வலிக்கப் பறந்தார்.

குளத்தங்கரையில் அவர் கண்ட காட்சி! சபை முழுவதும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. எல்லாக் கண்களும் மூடியிருந்தன. எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. முன்னால் காய்ச்சலில் கிடந்தது முயல்குட்டி. அதன் கழுத்துக்கு மேலே வாயைத் திறந்தபடி நரி நின்றது. "மூப்பரய்யா தன் பொறுப்பை எங்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிருக்கார். கண்ணை மூடுங்க!" என்று அது சொல்லியிருக்கிறது. பாவம், வெள்ளந்திகள் நம்பிவிட்டன.

"கண்ணைத் திறங்க! ஓடுங்க!" என்று கத்தினார் நாரை. பறந்து வந்த இரைப்பில் அது அவர் குரலாகவே இல்லை.

"ஷ்ஷ்! ஜெப நேரத்துல யாருங்க அது சத்தம் போடுறது?" என்றாள் கிருபாவதி. கண்ணைத் திறக்கவில்லை.

"அது சாத்தானா இருக்கும்! ஜெபத்தைக் கெடுக்க வருவான்னு மூப்பரய்யாவே சொல்லியிருக்கார். இன்னும் இறுக்கி மூடுங்க!" என்றது மயில்.

நாரைக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் அவர் பழக்கிவிட்ட பழக்கம்! சட்டென்று ஒன்று தோன்றியது. இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டினார்.

"ஆ...மெ...ன்!"

"ஆமென்!" என்றது சபை. கண்களைத் திறந்தது. எதிரே நரியின் பல்!

அப்புறம் கேட்கவா வேண்டும்? மயில் காலால் உதைத்தது. ஆமை வாலைக் கவ்வியது. நாரை நரியின் மூக்கிலேயே ஒரு கொத்து கொத்தினார். தப்பித்தால் போதும் என்று நரி ஓட்டம் பிடித்தது.

கிருபாவதி குட்டியை அணைத்துக்கொண்டு, "ஐயா, உடம்பு நெருப்பாக் கொதிக்குதே! நீங்க ஜெபம் பண்ணுங்க!" என்று அழுதாள்.

நாரை பழக்கத்தில் அலகைத் தூக்கினார். அப்படியே நிறுத்தினார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நீயே பண்ணும்மா."

"எனக்கு உங்களை மாதிரி வார்த்தை வராதே ஐயா!"

"உன் குட்டி பசின்னு உங்கிட்ட வரும்போது வார்த்தையைத் தேடிக்கிட்டா வருது? ஆண்டவருக்கு நீயும் பிள்ளைதானே. பேசு. நான் தண்ணி கொண்டு வரேன்."

கிருபாவதி குட்டியின் முகத்தைப் பார்த்தபடியே பேசினாள். "ஆண்டவரே, என் பிள்ளை தவிக்குது. எனக்குப் பயமா இருக்கு. எங்களைக் கைவிட்டுடாதீங்க." அவ்வளவுதான். நாரை அலகு அலகாகக் குளத்துத் தண்ணீரை மொண்டு வந்து குட்டியை நனைத்துக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் இறங்கியது. குட்டி பால் கேட்டது.

அன்றிலிருந்து நாரை வீடு வீடாகப் போனார். யாருக்காகவும் அவர் முந்திக்கொண்டு ஜெபிக்கவில்லை. அவர்களைப் பேசச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். ஆமை திக்கித் திணறியது. அணில் பாதியில் சிரித்தது. ஆனாலும் நாரை விடவில்லை.

மூப்பரைக் கூப்பிட வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். நாரைக்கு முதலில் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. மறைப்பானேன்!

மழைக்காலம் வந்தது. நரியின் பசிக்கு வெட்கம் தெரியவில்லை. முயல் வளைக்கு முன்னால் வந்து குழைந்தது. "அம்மா, மூப்பரய்யா ஊரில் இல்லையாமே! உங்களுக்காக ஜெபிக்க ஆளில்லையேன்னு நான் ஓடி வந்தேன்!"

"அவர் ஊரில் இல்லேன்னா என்ன? ஆண்டவர் இங்கதான் இருக்கார். காலையிலதான் பேசினேன்!" என்றாள் கிருபாவதி. "உனக்காகவும் ஒரு வார்த்தை சொல்றேன். முதல்ல அந்தப் பக்கமா நட!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு நடந்தது. குளத்து நடுவில் ஒற்றைக் காலில் நின்ற நாரை அதைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

தான் இல்லாத நாளிலும் தன் மந்தை ஆண்டவரை நம்பி நிமிர்ந்து நிற்கும்படி வளர்க்கிறவரே நல்ல மேய்ப்பர்.