இரட்டிப்பா வெட்டின ஊரணி

நாலு தெருவும் நடுவுல ஒரு சதுர ஊரணியுமா ஒரு ஊர் இருந்துச்சாம். ஒரு பக்கம் பத்துக் கோலு, தெருவுக்கு ஒரு கரை. ஒரு கரை நீண்டுட்டாப் போதும், அடிதடிதான், அப்படி ஒரு ஊரு. தண்ணி பத்தலன்னு சொன்னதும் ராஜா, "ஊரணிய இரட்டிப்பா வெட்டுங்க, ஆனா சதுரமாவே இருக்கணும்"னுட்டாரு.

மணியக்காரன் ஆண்டியப்பன் என்ன பண்ணான்? ஊரணிப் பக்கத்துல ஒச்சம்மாவுக்கு ஒரே ஒரு வயலு, ஊரணிக்கும் வயலுக்கும் நடுவுல அஞ்சு கோல் பொட்டல். வயல வித்துடுன்னு கேட்டு அவ கொடுக்கலன்னு இவனுக்குக் கறுவம். அதனால, "இரட்டிப்புன்னா பத்து இருபதாகணும், உன் வயலும் போச்சு"ன்னு முளை அடிச்சுட்டான்.

ஒச்சம்மா அழுதுக்கிட்டே ராஜாகிட்ட ஓடினா. "சாமி, இதே மாதிரி இன்னொரு ஊரணிய ஒட்டி வெட்டினா இரட்டிப்பு. இவரு அடிச்ச முளைக்குள்ள நாலு ஊரணி கெடக்கே!"

பத்தும் பத்தும் இருபதுதானே, நாலு எப்படி வந்துச்சு? ராஜாவுக்குத் தலை சுத்துச்சு. (உனக்கும் சுத்துதா? எனக்குந்தான், பேசாமக் கேளு.)

"சரி, ஒட்டியே வெட்டு"ன்னாரு. நீளம் இருபது, அகலம் பத்து. ஒடனே தெருக்காரங்க கம்பெடுத்துட்டாங்க. "அவங்க கரை இருபது, எங்க கரை மட்டும் பத்தா?" மறுபடியும் தலை சுத்துச்சு.

கேட்ட விலைக்கும் சொன்ன விலைக்கும் நடுவுல முறிக்கிற மாட்டுச்சந்தைப் பழக்கம் ராஜாவுக்கு. கொழப்பத்துல, "இருபதும் வேணாம், பத்தும் வேணாம், நடுவுல முறி, பதினஞ்சு!"ன்னாரு. நீளம் பதினஞ்சானா, அதே அளவு தண்ணிக்கு அகலம் பதிமூணும் சொச்சமும் வேணும். "இன்னும் கோணுதே, திரும்ப நடுவுல முறி!" பதினாலும் சொச்சமும் வந்துச்சு. இப்ப நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரு சாண்கூட வித்தியாசம் இல்ல. எப்படி வந்துச்சுன்னு ராஜாவுக்கே புரியல, மூணாந்தரமும் தலை சுத்துச்சு. ஆனா ஊரணி பொட்டலோட நின்னுபோச்சு, வயல் தப்பிச்சுது.

"ஆண்டியப்பா, தெரிஞ்சு செஞ்சியா, தெரியாமச் செஞ்சியா?"

"சத்தியமாத் தெரியாது மகாராஜா! பக்கத்த இரட்டிச்சா எல்லாம் இரட்டிக்கும்னுதான் நெனச்சேன்."

"அப்பச் சரி. இவள அழ வச்சதுக்கு உன் வயல்ல பாதி இவளுக்கு. உன் வயலும் சதுரந்தானே, பக்கம் இருபது கோலு? உன் கணக்குப்படி பாதின்னா பத்து. பத்துக்குப் பத்து நீ வச்சுக்க, மிச்சம் அவளுக்கு."

"ஐயோ மகாராஜா, அது கால்தானே!"ன்னு அலறிட்டான்.

"ஓ, உனக்குத் தெரியுமா?"ன்னாரு ராஜா.

ஒச்சம்மா முக்காலை உழுதா, அவன் காலுல உக்காந்து அழுதான். அடுத்தவ வயித்துல அடிச்சா அம்புட்டுத்தான். ம், கண்ண மூடுங்க எல்லாரும்.